ஒரு வகுத்தல் கணக்கும் ஒரு பள்ளி வாத்தியாரும்

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் திறன். ஒன்று ஓமில் வரும், மற்றது வாட்டில் வரும். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் இயற்பியல் நடத்திய எனக்கு இது தூக்கத்திலும் மறக்காது. நம் வயதுக்காரர்கள் பலருக்கும் எஸ்.எஸ்.எல்.சி. படித்த காலத்திலிருந்தே மனப்பாடமாக இருக்கும். இந்த வகுத்தலைக் கண்டுபிடித்தவரும் என்னைப் போல ஒரு பள்ளி ஆசிரியர்தான் என்பதும், அதற்காக அவர் பட்ட பாடும் பாடப்புத்தகத்தில் இருக்காது.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில் பிறந்தார். அப்பா பூட்டுத் தொழிலாளி. பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்ல. தானே கணக்கும் தத்துவமும் கற்று, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். அம்மா, ஓமுக்குப் பத்து வயது இருக்கும்போதே காலமாகிவிட்டார். பல்கலைக்கழகத்துக்குப் போன பையன் நடனம், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு என்று பொழுதைக் கழிப்பதைக் கண்ட அப்பா, படிப்பை நிறுத்தி சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே கணக்கு வாத்தியார் வேலை. பிறகு ஊர் திரும்பி 1811-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1817-இல் கொலோன் நகரத்துப் பள்ளியில் ஆசிரியரானார். அந்தப் பள்ளியில் நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். பூட்டுப் பட்டறையில் பழகிய கை என்பதால் வேண்டிய கருவிகளைத் தானே செய்துகொண்டார்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. கம்பி நீளமானால் அதில் ஓடும் மின்சாரம் எவ்வளவு குறையும்? அன்று அம்மீட்டரும் கிடையாது, வோல்ட்மீட்டரும் கிடையாது. 1825-இல் வோல்ட்டா மின்கலத்தை வைத்துச் சோதித்தார். அந்தக் கலமோ இணைத்தவுடன் வேகமாக மின்சாரம் தரும், பிறகு தளர்ந்துவிடும். நிலையில்லாத அளவுகளை வைத்து அவர் வெளியிட்ட சூத்திரம் சரியாக அமையவில்லை.

அப்போது பெர்லின் விஞ்ஞானி போகன்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார். சில வருடங்களுக்கு முன்பு ஸீபெக் கண்டுபிடித்திருந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்திப் பாருங்கள் என்றார். ஓம் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இரண்டு வெப்பநிலையும் மாறாது, ஆகவே மின்னழுத்தமும் மாறாது. ஒரே தடிமன் கொண்ட எட்டு செம்புக் கம்பிகள், 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை. ஒவ்வொன்றாக இணைத்து, மேலே தொங்கும் காந்த ஊசி எவ்வளவு விலகுகிறது என்று அளந்தார். கம்பியின் தடையோடு சுற்றின் மற்றப் பகுதிகளின் தடையையும் கூட்டி, மின்னழுத்தத்தை அதனால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 1826-இல் இது தெளிவானது. மறுவருடம் பெர்லினில் புத்தகமாக வெளியிட்டார்.

பாராட்டு வரும், பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்தார். வந்தது கண்டனம். இயற்கையைச் சிந்தனையால் அறிய வேண்டும், கணக்கால் அல்ல என்ற எண்ணம் அன்றைய ஜெர்மனியில் பலமாக இருந்தது. பூட்டுத் தொழிலாளி மகனுடைய புத்தகத்தைப் பெரியவர்கள் பலர் மதிக்கவில்லை. மனம் வெறுத்த ஓம் 1828-இல் கொலோன் வேலையை விட்டுவிட்டார். பெர்லினில் ஒரு இராணுவப் பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளினார். 1833-இல்தான் நியூரம்பர்க் தொழில்நுட்பப் பள்ளியில் நிலையான வேலை கிடைத்தது.

கௌரவம் வெளிநாட்டிலிருந்து வந்தது. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. அதே 1841-இல் இங்கிலாந்தில் ஜூல் என்ற இளைஞர் இன்னொரு கணக்கை வெளியிட்டார். கம்பியில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவதற்கு ஏற்ப அமையும் என்றார். ஓமின் வகுத்தலையும் ஜூலின் பெருக்கலையும் சேர்த்தால்தான் நம் வீட்டுக் கணக்கு முழுமையாகும்.

உங்கள் இஸ்திரிப் பெட்டியில் 750 வாட் என்று போட்டிருக்கிறதா? 750-ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 3.26 ஆம்பியர். 230-ஐ 3.26-ஆல் வகுத்தால் தடை சுமார் 70.5 ஓம். உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பியின் தடை சூட்டில் அதிகம் மாறாது. மாலையில் மின்னழுத்தம் 180-க்கு இறங்கினால் மின்னோட்டம் 2.55 ஆம்பியர் ஆகிவிடும். 180-ஐ 2.55-ஆல் பெருக்கினால் 460 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்தால் சூடு ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. லோ வோல்டேஜ் காலத்தில் வேட்டிச் சுருக்கம் போகாமல் அவதிப்பட்டதற்கு இதுதான் காரணம். மின்னழுத்தத்தோடு மின்னோட்டமும் சேர்ந்து குறைவதால் அடி இரட்டிப்பாக விழுகிறது.

பழைய குண்டு பல்பில் மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஸ்விட்ச் போட்ட கணத்தில் மின்னோட்டம் பாயும். பல்பு பெரும்பாலும் போடும்போதே 'டப்' என்று போவது அதனால்தான்.

ஓம் வாழ்நாள் முழுவதும் ஆசைப்பட்ட பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி, 1852-இல் மியூனிக்கில் முழுமையாகக் கிடைத்தது. அப்போது வயது அறுபத்து மூன்று. நாம் ஓய்வு பெற்று பென்ஷன் வாங்கும் வயது. இரண்டே வருடத்தில், 1854 ஜூலையில் காலமானார். 1881-இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரை உறுதி செய்தது.

அவரைக் கேலி செய்தவர்களின் பெயரை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். இவர் பெயரோ, தெருமுனை எலக்ட்ரீஷியன் மீட்டரைத் தொட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் சொல்லப்படுகிறது. பேரப்பிள்ளைகள் ஓம் விதியை மனப்பாடம் செய்துகொண்டு இருந்தால், இந்த வாத்தியார் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.