அக்கலுக் லிங்கே: 'மக்கள்' என்ற சொல்லுக்கான சட்டப் போராட்டம்

கிரீன்லாந்தின் மூத்த அரசியல் தலைவரும் கவிஞருமான அக்கலுக் லிங்கே, 1947ஆம் ஆண்டு அந்நாட்டின் மேற்குக் கடற்கரை நகரமான ஆசியாத்தில் பிறந்தார். இன்யூட் அட்டகாதிகீட் என்ற இடதுசாரிக் கட்சியை நிறுவியவர்களுள் ஒருவர். 1980களில் அமைச்சராகப் பணியாற்றினார். அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து, ரஷ்யா ஆகிய நிலப்பகுதிகளில் வாழும் இன்யூட் மக்களின் பொது அமைப்பான இன்யூட் துருவவட்டப் பேரவைக்கு இருமுறை தலைவராக இருந்தார். ஓர் இனக்குழுவைத் தனக்கென நிலமும் உரிமையும் கொண்ட 'மக்கள்' என அரசு ஏற்க வேண்டும் என்பதே அவரது பொதுவாழ்வு முழுவதற்குமான கோரிக்கை.

சமத்துவத்தின் மறுபக்கம்

1953 ஜூன் 5 அன்று நடைமுறைக்கு வந்த டென்மார்க்கின் புதிய அரசமைப்புச் சட்டம், கிரீன்லாந்தின் காலனி நிலையை முடித்து அதனை நாட்டின் ஒரு பகுதியாக்கியது. ஏட்டளவில் அனைவரும் சம குடிமக்கள். ஆனால் 1964இல் கொண்டுவரப்பட்ட ஊதிய விதி, பிறந்த இடத்தை அளவுகோலாக்கியது. ஒரே பணியைச் செய்தாலும், கிரீன்லாந்தில் பிறந்தவருக்கு டென்மார்க்கில் பிறந்தவரைவிடக் குறைந்த சம்பளம். இத்தகைய 'சமத்துவத்தை' அனுபவித்து வளர்ந்த தலைமுறையே 1970களில் கோபன்ஹேகனில் படிக்கச் சென்று அரசியல்மயமானது. அங்கு சமூகப் பணியில் பட்டயம் பெற்ற லிங்கேயும் அத்தலைமுறையைச் சேர்ந்தவர்.

அந்த இளைஞர் இயக்கத்திலிருந்தே இன்யூட் அட்டகாதிகீட் உருவானது. 1979இல் கிரீன்லாந்துக்கு உள்நாட்டு ஆட்சி வழங்கப்பட்டபோது இக்கட்சி அதை எதிர்த்தது. நிலத்தடி வளங்களின் மீதான உரிமையை மக்களிடம் முழுமையாக ஒப்படைக்காத ஆட்சி, அரைகுறை ஆட்சியே என்பது அதன் வாதம். 1983 தேர்தலில் அக்கட்சி முதன்முறையாகச் சட்டமன்றத்தில் நுழைந்தது. 1984இல் சியுமுத் கட்சியுடன் கூட்டணி அமைத்தபோது லிங்கே அமைச்சரானார். தூலேயில் உள்ள அமெரிக்கத் தளத்தின் ரேடார் நவீனமயமாக்கப்படுவது குறித்த சர்ச்சையில் 1987இல் அக்கூட்டணி முறிந்தது. முன்கூட்டியே நடந்த பொதுத்தேர்தலுக்குப் பின் மீண்டும் ஒன்றுசேர்ந்த கூட்டணியில் 1988 வரை அவர் பதவி வகித்தார்.

தூலே வழக்கு

தூலே என்ற பெயர் அவரது வாழ்வில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது. 1951இல் அமெரிக்காவும் டென்மார்க்கும் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, வடமேற்கு கிரீன்லாந்தில் மாபெரும் விமானப்படைத் தளம் கட்டப்பட்டது. 1953 மே மாதம், தளத்தின் அருகே உம்மன்னாக்கில் வாழ்ந்த இனுகுயிட் மக்களுக்குச் சில நாட்களே அவகாசம் கொடுத்து வெளியேறச் சொன்னார்கள். 27 குடும்பங்கள், 116 பேர். நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், வடக்கே கானாக்கில் வீடுகள் கட்டி முடியும்வரை கூடாரங்களில் தங்கினார்கள். புதிய அரசமைப்புச் சட்டம் கிரீன்லாந்துக்கு நீட்டிக்கப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு இது நிகழ்ந்தது என்பதைச் சட்டம் பயின்றோர் கவனிக்க வேண்டும். அவர்கள் விரும்பியே இடம்பெயர்ந்தார்கள் என்பதே பல பத்தாண்டுகளாக அரசு சொல்லிவந்த விளக்கம்.

வெளியேற்றப்பட்டோரும் அவர்களது வழித்தோன்றல்களும் 'ஹிங்கிட்டாக் 53' என்ற அமைப்பாகத் திரண்டு 1996இல் வழக்குத் தொடுத்தனர். 1999இல் உயர் நீதிமன்றம், அது விருப்பப் பெயர்வு அன்று, மக்கள் மீதான கடுமையான தலையீடு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டென்மார்க் பிரதமர் பவுல் நிரூப் ராஸ்முசன் மன்னிப்புக் கோரினார். ஆனால் சமூகம் முழுவதற்கும் கிடைத்த இழப்பீடு 5 லட்சம் குரோன் மட்டுமே. அப்போது வயது வந்தவர்களாக இருந்தோருக்குத் தலா 25,000 குரோனும், 4 முதல் 18 வயதுக்குட்பட்டிருந்தோருக்குத் தலா 15,000 குரோனும் வழங்க உத்தரவிடப்பட்டது. தாயகம் திரும்பும் உரிமை ஏற்கப்படவில்லை. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. 2006இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் மனுவை விசாரணைக்கு ஏற்க மறுத்தது.

இப்போராட்டத்தின் வரலாற்றையும் திரும்பிச் செல்லும் உரிமைக்கான வாதத்தையும் லிங்கே 2002இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஒரு வட்டாரத்தின் குறையாக முடிந்திருக்கக்கூடிய விவகாரத்தைப் பன்னாட்டுச் சட்ட விவாதத்திற்குள் கொண்டுசென்றவர்களில் அவர் முக்கியமானவர்.

உலக அரங்கில்

1997 முதல் 2002 வரையிலும், 2010 முதல் 2014 வரையிலும் அவர் இன்யூட் பேரவையின் பன்னாட்டுத் தலைவராக இருந்தார். இடையில் 2005 முதல் 2007 வரை, பூர்வகுடிகள் விவகாரங்களுக்கான ஐ.நா. நிரந்தர மன்றத்தின் உறுப்பினராகவும் பணியாற்றினார். பூர்வகுடி மக்களின் உரிமைகள் குறித்த ஐ.நா. பிரகடனம் 2007 செப்டம்பரில் நிறைவேறியது. அதே ஆண்டு, லண்டனின் ஸ்டான்ஸ்டெட் விமான நிலைய விரிவாக்கம் பற்றிய பொது விசாரணையில் அவர் நேரில் சாட்சியம் அளித்தார். ஐரோப்பிய விமானங்கள் கக்கும் புகை, உருகும் பனியில் வாழும் வேட்டைச் சமூகங்களின் வாழ்வைப் பறிக்கிறது என்பதே அவர் முன்வைத்த வாதம்.

எஞ்சியிருக்கும் கேள்வி

2009 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த தன்னாட்சிச் சட்டம், கிரீன்லாந்து மக்கள் பன்னாட்டுச் சட்டத்தின்படி சுயநிர்ணய உரிமை கொண்ட மக்கள் என்று ஏற்றது. கனிம வளங்களின் பொறுப்பைத் தன்னாட்சி அரசு எடுத்துக்கொள்ளவும் வழிவகுத்தது. 1979இல் லிங்கேயின் கட்சி எழுப்பிய கோரிக்கை, முப்பது ஆண்டுகளுக்குப் பின் சட்டமானது.

எனினும் இதில் ஒரு முரண் உள்ளது. கிரீன்லாந்து முழுவதும் ஒரே பூர்வகுடி என்ற அதே வரையறையைக் கொண்டுதான், இனுகுயிட் மக்கள் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கைப்படி தனி மக்கள் அல்லர் என்று டென்மார்க் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பெரும்பான்மைக்கு விடுதலை தந்த சொல், அதனுள் இருந்த சிறு குழுவுக்குக் கதவை அடைத்தது. தூலே தளத்தின் பெயர் 2023இல் பிட்டுஃபிக் என்று மாற்றப்பட்டது. பழைய ஊர்ப்பெயர் திரும்பிவிட்டது, ஊரார் திரும்பவில்லை. உரிமைச் சட்டங்களை வரைவோர் அங்கீகாரம் யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல், அந்த அங்கீகாரத்திற்குள் யாருடைய குரல் கரைந்துபோகிறது என்றும் கேட்டாக வேண்டும்.