மெத்தையில எதுக்கு ஓட்டை?

ஹைதராபாத்ல ஏப்ரல் மாசமே வெயில் 40 டிகிரியைத் தொட்டுடும். மொட்டை மாடிக்குக் கீழ வீடுன்னா ராத்திரி பத்து மணிக்கும் சீலிங் கொதிக்கும். இந்த லட்சணத்துல அப்பா ஊர்ல இருந்து எங்ககூடவே வந்து இருக்கப் போறார். முதுகுவலிக்காரர், ஏசியும் ஒத்துக்காது. அவருக்காகக் கடைகடையா ஏறி இறங்கினதுல எல்லாரும் பாடினது ஒரே பாட்டுதான்: "லேட்டக்ஸ் எடுங்க சார், இந்த ஓட்டையைப் பாருங்க, ஏசி மாதிரி இருக்கும்!" விலையைக் கேட்டதும் எனக்கு அங்கேயே ஜில்லுன்னு ஆயிடுச்சு :-)

நான் பொறந்தது குலசேகரம் பக்கம். ரப்பர் மரத்துக்கு நடுவுல வளர்ந்தவனுக்கே ரப்பர் பாலைப் பத்திப் பாடம் எடுத்தா சும்மா விட முடியுமா? ஓட்டை எப்படி வந்துச்சுன்னு நோண்டிப் பார்த்தேன்.

முதல்ல இந்த ஊர்க் கதை. தெலுங்குல மெத்தைக்குப் பேரு நம்ம காதுக்கு 'பருப்பு' மாதிரியே விழும். பஞ்சுக்கு 'தூதி'. பஞ்சு கொட்டி மெத்தை தைக்கறதைப் பரம்பரைத் தொழிலாக் கொண்ட, தெலுங்கு பேசுற முஸ்லிம் சமூகத்துக்கு 'தூதேகுல'ன்னே பேரு. வில் மாதிரி ஒரு கருவி; நரம்பைத் தட்டித் தட்டிப் பஞ்சைப் பிரிப்பாங்க. அப்படிக் கொட்டறப்ப பஞ்சுக்குள்ள போறது காத்து. படுக்கப் படுக்கக் காத்து போய் மெத்தை கட்டியாகும், திரும்பக் கொட்டணும். நம்ம ஊர் இலவம்பஞ்சு மெத்தைக்கும் இதே விதிதான். ஆக மெத்தை சுகமா இருக்கறதும் சூடாகாம இருக்கறதும் உள்ள இருக்கற காத்தாலதான்.

இப்ப ரப்பர். 1876-ல ஹென்றி விக்கம் பிரேசில்ல இருந்து சுமார் 70,000 விதையை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைச்சது ரெண்டாயிரத்துச் சொச்சம்தான். அதுல பெரும்பகுதி அதே வருஷம் இலங்கைக்குக் கப்பலேறி, கம்பஹா பக்கத்துல ஹெனரத்கொட தோட்டத்துல வேர் விட்டுச்சு. 1902-ல பெரியாத்தங்கரையில தட்டேக்காட்டுல தோட்டம் போட்டாங்க. திருவிதாங்கூர் முழுக்கப் பரவி எங்க பக்கமும் வந்துச்சு. 1956 நவம்பர் 1-ல கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தப்ப அந்த ரப்பர் மரங்களும் கூடவே வந்துச்சு.

1929-ல பர்மிங்காம்ல டன்லப் கம்பெனி ஆராய்ச்சியாளர் ஈ.ஏ. மர்பி, ரப்பர் பாலை சமையலறை மிக்ஸர்ல போட்டு முட்டை அடிக்கற மாதிரி நுரைக்க அடிச்சார்னு சொல்வாங்க. தூதேகுலக்காரர் வில்லால செஞ்சதை இவர் மிக்ஸரால செஞ்சார், அவ்வளவுதான். நுரை அடங்கறதுக்குள்ள ஒரு உப்பைச் சேர்த்து உறைய வெச்சு, அச்சுல ஊத்தி வேக வெச்சா மெத்தை. நம்ம வீடுகள்ல 'டன்லப் மெத்தை'ன்னு பேரே நிலைச்சுது.

இங்கதான் ஓட்டை வருது. நுரை வெப்பத்தைச் சரியாக் கடத்தாது. கனமா ஊத்தினா ஓரம் வெந்து நடு வேகாது. அதனால அச்சுக்குள்ள வரிசையா உலோகக் கம்பிகளை நிறுத்தி உள்ளேயும் சூட்டைக் கொண்டு போனாங்க. இட்லித் தட்டுல ஓட்டை போட்டு ஆவியை விடற மாதிரின்னு வெச்சுக்கங்களேன். கம்பியை உருவினா மிச்சம் ஓட்டை. வேக வைக்க வந்த ஓட்டை இப்ப குளிர்ச்சின்னு விற்குது!

முழுப் பொய்யின்னும் சொல்ல மாட்டேன். ஓட்டை வழியாவும், ஒண்ணோட ஒண்ணு திறந்த நுரை அறைகள் வழியாவும் காத்து நகரும். வேர்வை காயும், ஹைதராபாத் வறண்ட ஊர்ங்கறதால இன்னும் சுளுவாக் காயும். 1966-ல நாசாவுக்காக உருவான மெமரி ஃபோம் உடம்புச் சூட்டுல இளகி நம்மளை உள்ள இழுத்துக்கும். அதோட ஒப்பிட்டா லேட்டக்ஸ் தேவலை. ஆனா எந்த மெத்தையும் ஏசி கிடையாது. மேல தடிமனான பாலியஸ்டர் உறை போட்டா ஓட்டை இருந்தும் பிரயோஜனமில்லை.

விலைக்கு வருவோம். கடையில டென்சிட்டி என்னன்னு கேளுங்க. இயற்கை லேட்டக்ஸ் பொதுவா கன மீட்டருக்கு 65-ல இருந்து 95 கிலோ. 78 அங்குலத்துக்கு 60, கனம் 6 அங்குலம், டென்சிட்டி 80-ன்னா எடை கிட்டத்தட்ட 37 கிலோ வரணும். எடை ரொம்பக் குறைஞ்சா உள்ள பாலியூரித்தேன் ஃபோம் கலந்திருக்கலாம், ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்க. 'லேட்டக்ஸ்'னு மட்டும் எழுதியிருந்தா செயற்கை ரப்பர் எவ்வளவுன்னும் கேட்டுடுங்க.

நான் எடுத்தது முழு லேட்டக்ஸ் இல்லை. அடியில ரப்பர் பால் தெளிச்ச தென்னைநார், மேல ரெண்டு அங்குலம் லேட்டக்ஸ், பருத்தி உறை. நாருக்கு நடுவுலயும் காத்து போகும், முதுகுக்கும் கெட்டியா இருக்கும், செலவும் பாதிக்குக் கீழ.

கடைசியா ஒரு கணக்கு. நல்ல மரம் வருஷத்துக்கு நாலு கிலோ ரப்பர் தந்தாலே பெருசு. அப்ப 37 கிலோ மெத்தைன்னா ஒன்பது, பத்து மரத்தோட ஒரு வருஷப் பால். விடியறதுக்கு முன்னாடி தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு மரம் மரமாப் பால் வெட்டி, சிரட்டையில சேர்த்தது. பேரம் தாராளமாப் பேசுங்க. ஓட்டைக்குக் காசு வேணாம், பாலுக்குக் குடுங்க.