ஐந்து படங்களும் ஒரு கேள்வியும்

உலக சினிமாவில் பிடித்த படங்கள் எவை என்று கேட்பவர்களிடம் நீண்ட பட்டியலை ஒப்பிப்பது எளிது. விருது பெற்றவை, விமர்சகர்கள் வரிசைப்படுத்தியவை என நூறு படங்களை அடுக்கிவிடலாம். ஆனால், பார்த்து முடித்த பிறகும் நம்முடனேயே வீட்டுக்கு வந்துவிடுகிற படங்கள் மிகச் சிலவே. என்னைப் பொறுத்தவரை அவை ஐந்து. அவற்றில் போர்க்களமோ அரசர்களோ இல்லை. ஒரு சைக்கிள், ஒரு பாசிமணி மாலை, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பூங்கா, ஒரு நாள் விடுப்பு; இவ்வளவுதான்.

முதலாவது, இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948). இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ரோம் நகரில் அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் அந்த வேலை. மனைவி மரியா படுக்கை விரிப்புகளை அடகு வைத்து, ஏற்கெனவே அடகில் இருந்த சைக்கிளை மீட்க உதவுகிறாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அது களவு போகிறது. மகன் புரூனோவுடன் நகரெங்கும் தேடி அலைந்த அந்தோனியோ, இறுதியில் தானே ஒரு சைக்கிளைத் திருட முயன்று பிடிபடுகிறான். கலங்கி நிற்கும் சிறுவனைக் கண்ட சைக்கிள்காரர், புகார் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். அமெரிக்காவில் இப்படம் ஒருமைப் பெயரில் வெளியானது. இத்தாலிய மூலத்திலோ 'திருடர்கள்' என்று பன்மை. அந்தப் பன்மையில்தான் படத்தின் சாரம் அடங்கியிருக்கிறது.

விளம்பர நிறுவனப் பணியின் பொருட்டு 1950-இல் லண்டன் சென்றிருந்த சத்யஜித் ராய் இப்படத்தைப் பார்த்தார். தொழில்முறை நடிகர்களையும் அரங்குகளையும் பெரிதும் நம்பாமல் படம் எடுக்க முடியும் என்ற உறுதி அவருக்கு அங்கே பிறந்தது. பணமின்றிப் பலமுறை படப்பிடிப்பு நின்று, மேற்கு வங்க அரசின் நிதியால் நிறைவுற்ற 'பதேர் பாஞ்சாலி' 1955-இல் வெளியானது. பக்கத்து வீட்டு மாலையைத் துர்கா திருடினாள் என்று பழி எழுகிறது, அவள் மறுக்கிறாள். அவள் இறந்து, குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும் வேளையில் அந்த மாலை தம்பி அபுவின் கையில் அகப்படுகிறது. யாரிடமும் சொல்லாமல் அவன் அதைக் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மீண்டும் மூடிக்கொள்கிறது. 1993-இல் லண்டனில் நேர்ந்த தீவிபத்தில் இப்படத்தின் மூலச்சுருள்கள் கடுமையாகச் சேதமடைந்தன. எஞ்சியவற்றையும் பிற பிரதிகளையும் கொண்டு மீட்கப்பட்ட வடிவம் 2015-இல் திரைக்கு வந்தது.

மூன்றாவது, ஈரானின் அப்பாஸ் கியாரோஸ்தமி 1987-இல் எடுத்த 'நண்பனின் வீடு எங்கே?'. வகுப்புத் தோழனின் நோட்டுப் புத்தகத்தைத் தவறுதலாக வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறான் சிறுவன் அகமது. மறுநாள் அது இல்லையென்றால் தோழன் பள்ளியிலிருந்து நீக்கப்படுவான். இதைத் தாயிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவளோ வீட்டுப்பாடத்தை எழுது என்கிறாள். தாத்தாவும் ஊராரும் அவனைக் கேள்வி கேட்கிறார்களே தவிர, அவன் சொல்வதைக் கேட்பதில்லை. அவன் ஓடிய அந்த மலைக் கிராமப் பகுதியை 1990-இல் நிலநடுக்கம் சிதைத்தது. நடித்த சிறுவர்களைத் தேடிச் சென்ற கியாரோஸ்தமி, அந்தப் பயணத்தையே பின்னர் மற்றொரு படமாக்கினார்.

நான்காவது, அகிரா குரோசவாவின் 'இகிரு' (1952). 'வாழ்தல்' என்பது பொருள். நகராட்சியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முத்திரை குத்தியே கழித்த அதிகாரி வாதனபே, வயிற்றில் புற்றுநோய் என்று அறிகிறார். கழிவுநீர் தேங்கும் பள்ளத்தைச் சீர்செய்து பூங்கா அமைக்கக் கோரிய தாய்மார்களின் மனு, மேசை மேசையாகச் சுற்றித் திரும்பியிருந்தது. எஞ்சிய மாதங்களில் அந்தப் பூங்காவை அமைத்துவிட்டு அவர் மறைகிறார். துக்க வீட்டில் மது அருந்தியபடி, இனி அவரைப் போலவே உழைப்போம் என்று சக ஊழியர்கள் சூளுரைக்கிறார்கள். பிறகு அலுவலகத்துக்கு ஒரு மனு வருகிறது. அது மீண்டும் அடுத்த மேசைக்கே அனுப்பப்படுகிறது.

ஐந்தாவது, யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). ஒனோமிச்சி ஊரிலிருந்து பிள்ளைகளைக் காண வருகிறார்கள் முதிய பெற்றோர். மருத்துவரான மகனுக்கும், சிகையலங்கார நிலையம் நடத்தும் மகளுக்கும் நேரமில்லை. போரில் மாண்ட மகனின் மனைவி நோரிகோ மட்டுமே ஒரு நாள் விடுப்பு எடுத்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். இளவயதில் பார்த்தபோது அந்த மகன், மகள் மீது எனக்குக் கடும் கோபம் வந்தது. என் தாய் மறைந்த பிறகு மறுபடியும் பார்த்தேன். 'வேலை இருக்கிறது, அடுத்த மாதம் வருகிறேன்' என்று நான் தொலைபேசியில் சொன்ன நாள்களெல்லாம் திரையில் ஓடின. ஓசு யாரையும் கொடியவராகக் காட்டவில்லை. நோரிகோகூட, கணவனை நினைக்காத நாள்களும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறாள். அதனால்தான் தப்பிக்க வழியில்லை.

இந்த ஐந்து படங்களும் வெவ்வேறு விதமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: எதிரே நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று நின்று பார்த்தாயா? சைக்கிள்காரர் பார்த்தார், நோரிகோ பார்த்தாள், அகமதுவின் ஊரார் பார்க்கவில்லை, வாதனபே காலங்கடந்து பார்த்தார். நல்ல சினிமா நம்மை நல்லவர்களாக்கிவிடும் என்று நான் நம்பவில்லை. துக்க வீட்டில் சூளுரைத்த ஊழியர்களே அதற்குச் சாட்சி. ஆனால், நின்று பார்க்கும் பழக்கத்தை அதனால் கற்றுத்தர முடியும். மனு அடுத்த மேசைக்குப் போகுமா, விடுப்பு எடுக்கப்படுமா என்பது விளக்குகள் எரிந்து நாம் வெளியே வந்த பிறகு முடிவாகும்.