திண்ணனாரின் கன்னி வேட்டை

தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று நம் முன்னோர் வகுத்தனர். அவ்வேங்கடத்திற்குத் தெற்கே, சித்தூர் மாவட்டத்தில், குன்றுகளும் காடுகளும் சூழ அமைந்திருப்பது கார்வேட்டிநகரம். ஆங்கிலேயர் ஆட்சியில் வட ஆர்க்காட்டு மாவட்டத்துப் பெரிய ஜமீன் ஒன்றின் தலைநகராய் விளங்கிய ஊர் இது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனோடு சேர்ந்தது. அந்த ஜமீனில் அடங்கியிருந்த திருத்தணி, எல்லைக் கிளர்ச்சியின் பயனாக 1960-இல் நம்மோடு இணைந்தது. கார்வேட்டிநகரமோ ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது.

இவ்வூர்ப் பெயரில் ‘வேட்டை’ என்னும் சொல் ஒலிப்பதாகச் சிலர் எண்ணுவர். ‘காடுவெட்டி நகரம்’ என்பதே கார்வேட்டிநகரம் என மருவிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தொலைவானவை அல்ல. காட்டை வெட்டினால் புனம் உண்டாகும்; புனம் உண்டானால் விலங்கு அதனைத் தேடி வரும்; விலங்கு வந்தால் வேட்டை தொடங்கும். இவ்வட்டாரத்து வேட்டைகளுள் என்றும் நிலைபெற்ற புகழுடையது ஒன்று உண்டு. கார்வேட்டிநகரத்திற்கு வடகிழக்கே, பொன்முகலி யாற்றின் கரையிலுள்ள திருக்காளத்தியில் முடிந்த வேட்டை அது. கண்ணப்பர் என்று நாம் வணங்கும் திண்ணனார் முதன்முதல் ஆடிய கன்னி வேட்டை அதுவே.

கண்ணை இடந்து அப்பிய அன்பினை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அவ்வன்பிற்கு முன் நிகழ்ந்த வேட்டையை அறிந்தவர் சிலரே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அதனை விரிவாகப் பாடியுள்ளார். ஒரு வேடர் குடி தன் இளைஞனை முதல் வேட்டைக்கு எவ்வாறு ஆயத்தம் செய்தது என்பதை அங்கே காண்கிறோம்.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர்தலைவன் நாகன். அவன் மனைவி தத்தை. நெடுநாள் மகப்பேறின்றி முருகனை வேண்டிப் பெற்ற மைந்தன் திண்ணன். உரிய பருவம் வந்ததும் சுற்றம் எல்லாம் கூட வில்விழா எடுத்தனர். புலி நரம்பினாற் செய்த காப்பினை அவன் முன்கையிற் கட்டினர். பின்னரே வில்லைப் பிடிப்பித்தனர். ஆசிரியரிடம் பயின்று பதினாறு ஆண்டு நிரம்பிய காளையானான். முதல் அம்பு விலங்கின்மேற் செல்வதற்கு முன் பல்லாண்டுப் பயிற்சி சென்றது என்பதை நம் இளைஞர் கருதுதல் வேண்டும்.

அக்காலை பன்றியும் மானும் பிறவும் பெருகிப் புனங்களை அழித்தன. குடிகள் நாகனிடம் முறையிட்டனர். முதுமையுற்ற நாகன் தலைமையை மகனுக்கு அளித்தான். தேவராட்டியை அழைத்துக் காட்டுத் தெய்வங்களுக்குப் பலியூட்டச் செய்தான். உடைதோலும் சுரிகையும் மைந்தன் கையிற் கொடுத்தான். இவ்வேட்டைக்குக் காரணம் பொழுதுபோக்கு அன்று, குடிகளின் உணவு. அதற்கு உரிமை தந்தது தனியொருவன் விருப்பம் அன்று, குலத்தின் ஒப்புதல்.

காட்டைச் சூழ வலை கட்டினர், நாய்களை ஏவினர், பறை முழக்கி விலங்குகளை எழுப்பினர். அத்தனை ஆரவாரத்திற்கு நடுவிலும் வேடர்கள் ஓர் அறத்தைக் கைவிடவில்லை. யானைக்கன்றுகளை அவர்கள் தொடர்ந்திலர். சிறு குட்டிகளைக் கொன்றிலர். கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணைகளை வருத்தினாரும் இலர். கொல்லும் தொழிலுடையோரிடத்தும் கொல்லாமைக்கு ஓர் எல்லை உண்டு என்று சேக்கிழார் காட்டும் இடம் இது. எதனை எய்வது என்பதைக் காட்டிலும் எதனை எய்யாது விடுவது என்பதே வேடன் கற்க வேண்டிய முதற்பாடம்.

வலையறுத்து ஓடியது ஒரு பன்றி. திண்ணன் அதனைத் துரத்தினான். நாணனும் காடனும் மட்டுமே அவனைத் தொடர இயன்றது. நெடுந்தூரம் ஓடி இளைத்து நின்ற பன்றியை அவன் சுரிகையால் இருதுண்டாக்கினான். பசியும் நீர்வேட்கையும் மேலிட்ட அவ்வேளையில், நீர் எங்கே உண்டு என்று அறிந்திருந்தவன் நாணன். பொன்முகலியைக் காட்டியவன் அவனே. காளத்தி மலைமேல் குடுமித்தேவர் இருக்கிறார் என்று சொல்லி உடன் ஏறியவனும் அவனே. முன்னொருநாள் நாகனுடன் வேட்டைக்கு வந்தபோது அவ்விடத்தைக் கண்டவன் அவன். திண்ணன் தலைவன், எனினும் வழியறிந்த நாணன் சொற்படி நடந்தான். அவ்வழியே அவனைக் கண்ணப்பன் ஆக்கிற்று.

வழிகாட்டியின் பெருமையைப் பிறநாட்டு வரலாறும் உரைக்கும். 1911-இல் கலிபோர்னியாவில், தன் இனத்தார் அனைவரும் அழிய எஞ்சி நின்ற யாகி இனத்தவர் ஒருவர் காட்டினின்றும் வெளிப்பட்டார். இஷி என்று அவரை அழைத்தனர். சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றார். இஷி 1916-இல் மறைந்தார். போப் 1923-இல் வில்வேட்டை பற்றி நூல் எழுதினார்; 1925-இல் ஆப்பிரிக்கா சென்று அம்பினால் சிங்கவேட்டை ஆடினார். மேலைநாட்டார் இன்று பயிலும் வில்வேட்டைக்கு வேராய் நின்றோருள் ஒரு காட்டுவாசியும் உண்டு.

இக்காலத்தில் நமீபியா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் செல்வர்கள் பொருள் கொடுத்து, உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் வில்வேட்டைக்குச் செல்கின்றனர். அதனைச் ‘சஃபாரி’ என்பர். ‘பயணம்’ என்பது அச்சுவாகிலிச் சொல்லின் பொருள். கென்யா 1977-இலேயே வேட்டையை விலக்கிவிட்டது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துள்ளது. அது நன்றே. காடு சுருங்கிய பின் அம்பு எய்யத் தேவையில்லை, கோடரியே போதும்.

ஆயினும் நாகன் காலத்து முறையீடு இன்னும் ஓய்ந்திலது. 1980-களில் அண்டை மாநிலக் காடுகளிலிருந்து யானைகள் சித்தூர் மாவட்டத்தினுள் வந்தன. அவற்றின்பொருட்டுப் பலமனேர்ப் பகுதியில் 1990-இல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. யானை வயலில் இறங்கினால் உழவன் கண்ணீர் விடுகிறான். யானையைக் கொன்றால் காடு அழிகிறது. கன்றைத் தொடராத வேடரின் அறமும், புனத்தைக் காக்க எழுந்த தலைவனின் கடமையும் ஒருங்கே நிற்கும் வழியை இன்றும் தேடி நிற்கிறோம்.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நாம், திருமலைக்குச் செல்லும்போது திருக்காளத்திக்கும் செல்வதுண்டு. இனிச் செல்லும்போது கண்ணப்பர் மலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். கண்ணின் கதையோடு நிறுத்திவிடாது, முன்கைக் காப்பினையும், விடப்பட்ட குட்டிகளையும், வழிகாட்டிய நாணனையும் எடுத்துரைப்போம். கையில் வலிமை பெறும் இளைஞர்க்கு அடக்கத்தையும், அறிந்தோரைப் பின்பற்றும் பணிவையும் கற்பிக்க இதனினும் சிறந்த வரலாறு நமக்கு வேறு வேண்டா.