மின்சைக்கிள் கன்ட்ரோலரில் குறுக்குச் சுற்று

மின்சைக்கிளின் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே நின்று, ஓட்டுபவர் த்ராட்டிலைத் திருகும் அளவுக்கேற்ப மின்சாரத்தை அளந்து வழங்கும் சாதனம் கன்ட்ரோலர் எனப்படும். அதனுள்ளேயோ, அதனின்று மோட்டாருக்குச் செல்லும் கம்பிகளிலேயோ, மின்சாரம் தனக்குரிய பாதையை விட்டுத் தடையற்ற வேறொரு பாதையில் பெருகிப் பாயும் நிலையே குறுக்குச் சுற்று; பட்டறைகளில் இதனை ஷார்ட் என்பர்.

அமைப்பு

1895-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் காப்புரிமை பெற்ற மின்சைக்கிளில், பின்சக்கரத்தின் குடத்தில் அமைந்த மோட்டாருக்குள்ளேயே பிரஷ்களும் கம்யூட்டேட்டரும் இருந்து மின்னோட்டத்தின் திசையை மாற்றி வந்தன. இக்காலத்து மின்சைக்கிள்களில் பெரும்பாலும் பிரஷ் இல்லாத மோட்டாரே இருப்பதால், அப்பொறுப்பு முழுவதும் கன்ட்ரோலரைச் சார்ந்துவிட்டது. மோட்டாரின் சுருள்கள் மூன்று பேஸ்களாகப் பிரிந்திருக்க, ஒவ்வொரு பேஸுக்கும் பேட்டரியின் நேர்முனையோடு இணைந்த மேல் மாஸ்பெட் (மின்சாரத்தைக் கடத்தவும் தடுக்கவும் வல்ல மின்னணுச் சுவிட்சு) ஒன்றும், எதிர்முனையோடு இணைந்த கீழ் மாஸ்பெட் ஒன்றுமாகக் குறைந்தது ஆறு மாஸ்பெட்டுகள் அமைகின்றன. ஒரே பேஸின் மேலதும் கீழதும் ஏககாலத்தில் மின்சாரத்தைக் கடத்துமாயின் பேட்டரியின் இரு முனைகளும் நேராகச் சேர்ந்துவிடும் என்பதால், ஒன்று அடங்கிய பின்னரே மற்றொன்று தொடங்கும்படி நுண்ணிய இடைவெளி விடப்பட்டிருக்கிறது.

காரணங்கள்

அளவுக்கு மீறிய பாரத்தால் எழும் உஷ்ணம், கன்ட்ரோலர் தாங்கக்கூடியதைவிட உயர்ந்த மின்னழுத்தம், பெட்டிக்குள் புகுந்த மழைநீர், மாஸ்பெட்டின் உலோக முதுகுக்கும் உஷ்ணத்தை வெளியேற்றும் ஹீட் சிங்குக்கும் இடையிலுள்ள காப்புத் தகடு கிழிதல் ஆகியவை பிரதான காரணங்களாம். சேதமுற்ற மாஸ்பெட் பெரும்பாலும் மின்சாரத்தைத் தடுக்கும் சக்தியை இழந்து, எப்போதும் கடத்தும் நிலையிலேயே நின்றுவிடுகிறது. ஆயினும் கருகிய பாகமே குற்றத்தின் மூலம் என்று நிச்சயித்துவிடலாகாது. அச்சின் நட்டு தளர்ந்து, மோட்டாரின் விசையால் அச்சு தன் பிடியில் சுழன்று, அதன் வாயில் வழியே வெளிவரும் கம்பிகளின் உறையை அறுத்துவிடுமானால், பழுது தோன்றியது மோட்டார்ப் பக்கமாக இருக்க, பலியாவது கன்ட்ரோலராகும். இம்மூலத்தை ஆராயாமல் பொருத்தப்படும் புதிய கன்ட்ரோலரும் அதே கதியை அடையும்.

அறிகுறிகள்

பேட்டரியை இணைத்த மாத்திரத்தில் பியூஸ் போவதும், பேட்டரியின் காப்புச் சுற்று மின்சாரத்தை நிறுத்திவிடுவதும், பேட்டரியைக் கழற்றிய பின்னரும் மோட்டார்ச் சக்கரம் கையால் சுழற்ற விட்டு விட்டு இறுகுவதும் இதன் லட்சணங்கள். இணைக்கும் கணத்தில் தோன்றும் சிறு தீப்பொறி மட்டும், உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்னேற்றம் பெறுவதால் உண்டாகும் இயல்பான நிகழ்ச்சியே.

சோதிக்கும் முறை

முதற்கண் பேட்டரியைக் கழற்றி, கெப்பாசிட்டர்களில் எஞ்சிய மின்னேற்றத்தைத் தக்க மின்தடை வழியாக இறக்கிவிட வேண்டும். பின்னர் மோட்டாரின் மூன்று தடித்த பேஸ் கம்பிகளையும் கன்ட்ரோலரினின்று பிரித்து, அவற்றின் நுனிகள் ஒன்றையொன்று தீண்டாதவாறு வைத்துச் சக்கரத்தைச் சுழற்றினால், அது தடையின்றிச் சுழலுமாயின் ஐயம் கன்ட்ரோலரின் மேலும், முன்போலவே இறுகுமாயின் மோட்டாரின் மேலும் அதன் கம்பிகளின் மேலும் செல்லும்.

கன்ட்ரோலரைச் சோதிக்க, மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் எதிர்க்கம்பியிலும் கருப்பு முனையை மூன்று பேஸ் கம்பிகளிலும் முறையே வைத்தால் கீழ் மாஸ்பெட்டுகளின் நிலையும், கருப்பு முனையை நேர்க்கம்பியில் நிறுத்திச் சிவப்பு முனையைப் பேஸ் கம்பிகளில் வைத்தால் மேல் மாஸ்பெட்டுகளின் நிலையும் புலப்படும். பழுதற்றவை ஏறத்தாழ 0.4 முதல் 0.6 வோல்ட் வரை ஒரே சீராகக் காட்டும். சூன்யத்தை ஒட்டிய அளவைக் காட்டுவது ஷார்ட்டான மாஸ்பெட்டாகும். அளவைவிட மூன்று பேஸ்களின் ஒப்புமையே இங்கு நம்பத்தக்க சான்று.

மோட்டாரைச் சோதிப்பவர் ஒரு மயக்கத்துக்கு ஆளாகாதிருக்க வேண்டும். சுருள்களின் மின்தடை ஓர் ஓமுக்கும் மிகக் குறைவாதலால், பேஸ் கம்பிகளை இரண்டிரண்டாக அளக்கும்போது நல்ல மோட்டாரும் ஷார்ட் போலவே தோன்றும், அது குற்றமன்று. பேஸ் கம்பிக்கும் அச்சின் உலோகத்துக்கும், பேஸ் கம்பிக்கும் மோட்டாரின் சுழல்நிலையைக் கன்ட்ரோலருக்கு உணர்த்தும் மெல்லிய ஹால் சென்சார் கம்பிகளுக்கும் இடையே தொடர்பு காணப்படுமாயின் அதுவே குற்றம். அச்சின் வாயிலருகே கேபிளை அசைக்கையில் அளவு மாறுமானால், உறை அவ்விடத்தில் அறுந்திருப்பதாகக் கொள்ளலாம்.

சீரமைப்பும் பாதுகாப்பும்

பழுதான பேஸின் இரு மாஸ்பெட்டுகளையும் ஒருங்கே மாற்றி, அவற்றை இயக்கும் கேட் மின்தடைகளையும் டிரைவர் பகுதியையும் பரீட்சித்து, காப்புத் தகடுகளைப் புதிதாக இடுவது உத்தமம். முதன்முறை மின்சாரம் செலுத்துகையில், பேட்டரியின் மின்னழுத்தத்துக்கு ஏற்ற இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தால், ஷார்ட் எஞ்சியிருப்பின் பல்பு தொடர்ந்து எரியும்; இல்லையேல் ஒருகணம் ஒளிர்ந்து மங்கிவிடும்.

48 வோல்ட் எனப்படும் 13 அடுக்கு லித்தியம் பேட்டரி முழு மின்னேற்றத்தில் 54.6 வோல்ட் தரவல்லது. குறுக்குச் சுற்றில் அது வெளியிடும் மின்னோட்டம் கம்பியை உருக்கித் தீயையும் விளைவிக்கக்கூடும். ஆகையால் பியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியை வைப்பதும், பேட்டரியின் காப்புச் சுற்றைத் தவிர்த்து நேரே இணைப்பதும் எந்நிலையிலும் செய்யத்தகாதன. பியூஸ் மறுபடியும் போகுமாயின், பெரிய பியூஸைத் தேடாமல் சோதனையை முதலிலிருந்து தொடங்குவதே முறை.