நெக்ரோப்டோசிஸ்

கிரேக்கத்தில் 'நெக்ரோஸ்' என்றால் பிணம். 'ப்டோசிஸ்' என்றால் வீழ்தல். இரண்டையும் கூட்டினால் வரும் 'பிணம் விழுதல்' எதையும் விளக்காது. 1972-இல் கெர், வில்லி, கர்ரி மூவரும் செல்லின் ஒழுங்கான சாவுக்கு, இலையுதிர்வைக் குறிக்கும் 'அப்போப்டோசிஸ்' என்ற பெயரைச் சூட்டினார்கள். அதன் வாலை, நசிவைக் குறிக்கும் 'நெக்ரோசிஸ்' என்பதன் தலையோடு ஒட்டி, 2005-இல் ஜுன்யிங் யுவான் குழுவினர் இச்சொல்லை ஆக்கினார்கள். பார்வைக்கு நசிவு, உள்ளே ஒழுங்கு என்பதே அந்த ஒட்டின் பொருள். ஒழுங்குக்குச் சான்று உண்டு. காஸ்பேஸ்-8 என்ற நொதி தடைபட்ட செல்லில் ஆர்ஐபிகே1, ஆர்ஐபிகே3 புரதங்கள் இணைகின்றன; பின்னது எம்எல்கேஎல் புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்ற, அது திரண்டு செல்சவ்வைக் கிழிக்கிறது. உள்ளிருப்பவை வெளியே கொட்டி அழற்சி மூள்கிறது. நெக்ரோஸ்டாட்டின்-1 என்ற சிறு மூலக்கூறு ஆர்ஐபிகே1-ஐ முடக்கி இதை நிறுத்துகிறது. வெறும் விபத்தாக இருந்தால் நிறுத்த ஒரு படி கிடைக்குமா?

'திட்டமிட்ட நசிவு' என்றாலே போதாதா என்று கேட்கலாம். போதாது. ஃபெரோப்டோசிஸும் பைரோப்டோசிஸும் அவ்வகையே. அவற்றுக்கு எம்எல்கேஎல் தேவையில்லை. 'திசு அழுகல்' என்பது இன்னும் தவறு: அழுகல் கிருமிகளின் வேலை, இது செல்லின் சொந்த வேலை. 'நெறிப்பட்ட நசிவு' பொதுப்பெயராகட்டும். இந்த வழியை நெக்ரோப்டோசிஸ் என்றே எழுதுவோம்.