சங்கிலி பிடிக்கும் கைகள்

ஆம்பூரை அடுத்த மாதனூரில் என் தகப்பனார் தலைமுறைக்குப் பள்ளிக்கூட மைதானம் என்றாலே டிரில் மாஸ்டர் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். காக்கி நிஜார், முறுக்கிய மீசை, கக்கத்தில் பிரம்பு. வெள்ளைக்காரன் காலத்து மதராஸ் மாகாணப் பள்ளிகள் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களைத்தான் பெரும்பாலும் இந்த வேலையில் அமர்த்தின. அட்டேன்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ், இடது, வலது. தப்புச் செய்தவனுக்கு மைதானத்தைச் சுற்றி ஓட்டம். வரிசையில் நிற்கும் பையன் பக்கத்தில் நிற்பவனைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. கண் எப்போதும் மாஸ்டர் மேல்.

நான் ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். எங்கள் தொழில் அந்தப் பிரம்பிலிருந்து எப்படி விடுபட்டது, விடுபட்டதால் தோல் ஷாப்புகளை, அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலைகளைச் சுற்றிய இந்த ஊர்களின் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பதை எழுதி வைக்க ஆசை. இன்று பயிற்சி வகுப்புகளில் சமூக, உணர்வுசார் கற்றல் என்று பேசுகிறார்கள். அந்த வேலை மைதானத்தில் ரொம்ப காலமாக நடந்துகொண்டிருக்கிறது.

மாற்றத்தைக் கொண்டுவந்தவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1919இல் மதராஸுக்கு வந்தார், 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராக இருந்தவரும் அவரே. 1943இல் இறக்கும் வரை இந்த மண்ணிலேயே வேலை செய்தார். மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்த ஆணையிடத் தெரிந்தால் மட்டும் போதாது, உடலையும் மனத்தையும் படித்த ஆசிரியர் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். டிரில் வகுப்பு விளையாட்டு வகுப்பானது இப்படித்தான். நானும் நந்தனத்தில் அந்தக் கல்லூரியில் படித்தவன்.

பக் படித்தது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியதும் அங்கேதான். குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் அடைபட்டு, யாருக்கும் அடங்காமல் இருந்த ஒரு வகுப்பை அவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பிரம்பை எடுக்கவில்லை, ஒரு சட்டம் போட்டார்: பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. ஓட முடியாதவன் இன்னொருவனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். முரட்டுத்தனத்துக்கு அங்கே வேலை குறைந்துபோனது. அதே பள்ளியில் படித்த வில்லியம் மோர்கன் 1895இல் வாலிபால் விளையாட்டை உருவாக்கினார். இன்றைக்குப் பாலாற்றங்கரை ஊர்களில் மாலை நேரத்தில் இரண்டு கம்பத்துக்கு நடுவே வலை கட்டி ஆடுகிறார்களே, அந்த ஆட்டம்தான். ஒருவனே அடுத்தடுத்து இரண்டு முறை பந்தைத் தொடக் கூடாது என்பது அதன் சட்டம். டிரிலில் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தால் அடி விழும். வாலிபாலில் பார்க்காவிட்டால் பாயிண்ட் போகும்.

இனி எங்கள் ஊர்ச் சங்கதி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் பதனிடுவது பழைய தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலை ஊறவைத்த காலம் ஒன்று, குரோமியம் வந்த காலம் ஒன்று. எந்தக் காலத்திலும் பதனிடுவதற்கு முன் சுண்ணாம்புத் தொட்டி வேலை உண்டு. தோலில் ஒட்டிய மயிரையும் சதையையும் சுண்ணாம்பு நெகிழ்த்திக் கொடுக்கும். தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். முதலாளிகளில் பலர் முஸ்லிம்கள். பள்ளிக்கூடத்தில் எல்லோர் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரலாம், ஆனால் பெஞ்சில் ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. மைதானத்தில் இருந்தது.

நானும் சுண்ணாம்பு மூட்டையோடு வேலை செய்தவன்தான். அந்தச் சுண்ணாம்பில்தான் கபடிக் களத்துக்குக் கோடு போடுவேன். கபடியில் தடுப்பவர்கள் ஏழு பேர். ஓரத்தில் நிற்கும் கார்னர்க்காரனும் அவன் பக்கத்தில் நிற்பவனும் கைகோத்துச் சங்கிலி பிடிப்பார்கள். பாடி வருபவன் காலை நீட்டும்போது இரண்டு பேரும் ஒரே நொடியில் பாய வேண்டும். பிடி தளர்ந்தால் சங்கிலி அறுந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "சார், இவன்கிட்ட ஷாப்பு வாடை வருது சார், என்னை வேற எடத்துல நிறுத்துங்க" என்றான். சொல்லப்பட்டவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவன் மேல் வாடை வந்தது உண்மைதான். அப்பாவின் வேலைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்த ஒரே சீருடை அவனிடம் இருந்தது. அவன் எதுவும் பேசவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அந்தக் கை பின்னால் போனதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அன்று நான் அறிவுரை சொல்லவில்லை. மறுநாளிலிருந்து யார் யாரோடு சங்கிலி பிடிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தேன். ஒரு மாதத்துக்கு அதே ஜோடி. காரணம் யாருக்கும் சொல்லவில்லை. அந்த இரண்டு பையன்களும் ஒரு மாதம் ஜோடியாக அமைந்தார்கள். முதல் நாட்களில் விரல் நுனியால் தொட்டுக்கொண்டு நின்றார்கள், பாடி வந்த ஒவ்வொருவனும் அந்த ஓரத்தையே குறிவைத்துத் தட்டிவிட்டுப் போனான். அணி முழுசாக அவுட்டாகி லோனா கொடுத்த ஒரு சாயங்காலம், முதலில் என்னிடம் புகார் சொன்னவனே கத்தினான்: "டேய், மணிக்கட்ட கெட்டியா புட்ச்சிக்கோடா!" பிடித்தார்கள். குறுவட்டப் போட்டிவரை அந்த ஜோடியை மாற்றவே முடியவில்லை, அவர்களே விடவில்லை.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். விளையாட்டு தானாக மனிதர்களைச் சேர்த்துவிடாது. பல்வங்கர் பாலூவின் கதையை நான் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். 1876இல் பிறந்தவர், தோல் வேலை செய்த சமார் சாதிக்காரர், இடக்கை சுழற்பந்து வீச்சாளர். புனே இந்துக்கள் கிளப்பில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண் குவளையில். 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். ஆனாலும் இந்துக்கள் அணியின் தலைவராக அவரை நியமிக்கவேயில்லை. அவர் தம்பி விட்டல்தான் 1923இல் அந்த இடத்துக்கு வந்தார். பந்தைத் தொடவைத்த ஆட்டத்தால் குவளையை மாற்ற முடியவில்லை. அதற்கு ஆட்டத்தை நடத்துபவர்கள் மனம் வைத்திருக்க வேண்டும். எங்கள் தொழிலின் பாரம் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதற்குத் தோல் ஷாப்புகள் பொறுப்பேற்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், நவம்பர் 30க்குள் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் மூட வேண்டும். நியாயமான தீர்ப்பு. எங்கள் கிணறுகளின் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் அந்த மாதங்களில் மைதானத்துக்கு வந்த பிள்ளைகளின் முகம் வேறு மாதிரி இருந்தது. முதலாளி வீட்டுப் பையனுக்கும் பயம், தொட்டியில் இறங்குபவர் பையனுக்கும் பயம். வகுப்பறையில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. என் பீரியடில் அது சண்டையாக வெளிவந்தது, சின்ன ஃபவுலுக்கெல்லாம் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் விசிலை வைத்துவிட்டு, நடுவர் இல்லாமல் ஆடச் சொன்னேன். ஃபவுல் செய்தவன் தானே கையைத் தூக்க வேண்டும். சில நாள் ஒரே ரகளை. அப்புறம் ஒருவன் தூக்கினான், பிறகு மற்றவர்களும் தூக்க ஆரம்பித்தார்கள்.

டான் ஹெல்லிசன் என்ற அமெரிக்க உடற்கல்விப் பேராசிரியரைப் பற்றி ரொம்பப் பிந்தித்தான் படித்தேன். 1970களில் தொடங்கி, சிக்கல்களில் மாட்டிய நகரத்துப் பிள்ளைகளோடு வேலை செய்து ஒரு முறையை வகுத்தவர். பிறர் உரிமையை மதிப்பது முதல் படி. முயற்சி, தன்னைத் தானே நடத்துவது, பிறருக்கு உதவுவது அடுத்தடுத்த படிகள். இவற்றையெல்லாம் மைதானத்துக்கு வெளியே எடுத்துப்போவது ஐந்தாவது படி. அந்த ஐந்தாவதுதான் கடினம் என்று அவரே உணர்ந்திருந்தார்.

ஐந்தாவது படியை நான் பார்த்தது பெண் பிள்ளைகளிடம். 1973க்குப் பிறகு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்ததால் இந்தப் பக்கம் ஷூ கம்பெனிகள் பெருகின. பத்தாவது முடித்த பெண்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினார்கள். என்னிடம் எறிபந்து ஆடிய அணித் தலைவி ஒருத்தி மேல்தோல் தைக்கும் வரிசையில் வேலை பார்த்தாள். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது சொன்னாள்: "புதுசா வர்ற பொண்ணு பின்தங்கிட்டா அவ முன்னாடி வேலை குவிஞ்சிடும் சார். சூப்பர்வைசர் கத்துறதுக்குள்ள நாங்க ரெண்டு பேர் அவளுத கொஞ்சம் எடுத்துக்குவோம். கிரவுண்டுல பின்னாடி நிக்கிறவள பாத்துக்கோன்னு நீங்க சொன்னதுதான்."

இதையெல்லாம் கற்றுத் தரும் பி.டி. பீரியடைத்தான் பரீட்சை நெருங்கினால் கணக்குப் பாடத்துக்குக் கேட்கிறார்கள். 2024 குழந்தைகள் தின விழாவில் துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் கேட்டுக்கொள்வது போதாது, ஆளும் வேண்டும். 2012இல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கு எடுத்தது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. மூன்று அரைநாளில் ஆட்டத்தின் சட்டத்தைச் சொல்லித் தரலாம். எந்தப் பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறது என்று கவனிக்க அது போதவே போதாது. அவர்களை முழுநேர ஆசிரியர்களாக்க வேண்டும் என்று கேட்டு இவ்வளவு வருஷமாகப் போராடி வருகிறார்கள். அவர்கள் பக்கம்தான் நான்.

பக்கத்து ஊரில் அப்படி வேலை செய்யும் ஒரு இளம் ஆசிரியை போன வாரம் என்னிடம் வந்தார். கோ-கோ அணியில் இரண்டு தெருப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார மறுக்கிறார்களாம். சீட்டுக் குலுக்கும் முறையைச் சொன்னேன். ஜோடியை ஒரு மாதத்துக்கு முன்னால் மாற்றாதீர்கள், காரணத்தை யாரிடமும் சொல்லாதீர்கள், போட்டி நாள் நெருங்கும்போது தொடங்குங்கள் என்றேன். எழுதிக்கொண்டு போனார்.